நூற்றிருபது பக்கங்கள், அரக்கு முத்திரையுடன்

சென்ற மாதம் என் மகள் எனக்கு ஒரு குறிப்பேடு வாங்கி வந்தாள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு கடையில் உட்கார்ந்து, அப்பாவுக்கு எந்தெந்தப் பக்கம் தேவைப்படும் என்று தானே தேர்ந்தெடுத்து, வளையத்தில் கோத்து வாங்கியது. ஒரு நாளில் எத்தனை தம்ளர் தண்ணீர் குடித்தேன் என்று குறிக்க ஒரு பக்கம். இன்றைய மனநிலைக்கு ஒரு பக்கம். அதில் சிரிக்கும் முகம், அழும் முகம், இரண்டும் இல்லாத முகம் என்று மூன்று அச்சிட்டிருந்தார்கள். முப்பத்தாறு ஆண்டு அரசுப் பணியில் இருந்தவனுக்கு மூன்றாவது முகமே போதும். மற்ற இரண்டும் வீண்செலவு.

"பிடிக்காத பக்கத்தைக் கழட்டிடலாம்ப்பா. வேணும்னா புதுசா சேத்துக்கலாம். எல்லாம் உன் இஷ்டம்" என்றாள்.

"பக்கத்தைக் கழட்ட முடியும்னா அது ஆவணமே இல்ல" என்றேன்.

"ஆரம்பிச்சுட்டியா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பழைய அலுவலகத்து இளையவர்கள், "சார், அந்த அரக்கு நோட்டுக் கதையை எழுதுங்களேன்" என்று பல வருடங்களாகக் கேட்டு வருகிறார்கள். எனக்குப் பாதிக் கதைதான் தெரியும் என்பது எனக்கே தெரியாமல் இருந்தது. மீதிப் பாதி அதே வாரம் ஒரு பழுப்பு உறையில் சிட்லபாக்கத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆகவே எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பவானிசாகரில் இரண்டு மாதம் கொசுக்கடியோடு அலுவலக நடைமுறை கற்றேன். மனதில் நின்றது ஒன்றே ஒன்று: எந்தப் பதிவேட்டைத் தொடங்கினாலும் முதலில் பக்கங்களுக்கு எண் போட்டு, 'இப்பதிவேட்டில் இத்தனை பக்கங்கள் உள்ளன' என்று முதல் பக்கத்தில் சான்றெழுதிக் கையெழுத்திட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு தாளை யாரும் கிழிக்கவும் முடியாது, செருகவும் முடியாது. மற்றதையெல்லாம் மறந்துதான் பதவி உயர்வு பெற்றேன்.

இது நடந்தது இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில். தாம்பரத்தைச் சுற்றியுள்ள அலுவலகங்களில் ஒன்று. எது என்று சொல்லப் போவதில்லை. நான் அங்கே கண்காணிப்பாளர். ஓய்வுக்கு இருபது மாதம் பாக்கி. என் மேசை அதிகாரி அறையின் அரைக் கதவுக்கு நேர் வெளியே இருந்தது. உள்ளே பேசுவது கேட்கும். எட்டிப் பார்த்தால் ஆளும் தெரியும்.

அப்போதுதான் புதிய அதிகாரி வந்தார். வந்த மாதமே ஏற்காட்டில் மூன்று நாள் மேலாண்மைப் பயிற்சிக்குப் போய், இளநீலத் தாள்கள் கோத்த ஒரு வளையக் குறிப்பேட்டுடன் திரும்பினார். நல்ல மனிதர்தான். கை சுத்தம். குரல் உயராது. சட்டையில் மடிப்பு கலையாது. ஆனால் அந்த மூன்று நாளுக்குப் பிறகு 'சிஸ்டம்' என்ற சொல் இல்லாமல் அவரால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. தண்ணீர் கேட்டால்கூட, "ஏழுமலை, தண்ணி வைக்கறதுக்கு ஒரு சிஸ்டம் வேணாமா?" என்பார். நாங்கள் அவரை சிஸ்டம் சார் என்றே அழைத்தோம். இங்கும் அப்படியே அழைக்கிறேன்.

முதல் சுற்றறிக்கை வந்தது. 'அலுவலர் ஒவ்வொருவரும் தம் பணிக்கும் வாழ்க்கைக்கும் ஏற்ப, தம் விருப்பப்படி வடிவமைத்துக்கொண்ட குறிப்பேடு ஒன்றைப் பராமரிக்க வேண்டும். விருப்பத்தின் மாதிரிப் படிவம் இணைப்பில் உள்ளது.'

இணைப்பில் நான்கு பிரிவுகள் கட்டாயம்: அலுவலகம், இல்லம், உடல்நலம், இலக்குகள். ஐந்தாவதாக 'இதர'. திங்கள்தோறும் காலை பத்தரைக்கு ஆய்வு. விருப்பம் எதுவும் இல்லாதவர்கள் இன்மை அறிக்கை தரலாமா என்று ஒருவர் எழுத்துமூலம் கேட்டார். 'விருப்பம் இருந்தே தீர வேண்டும்' என்று பச்சை மையில் பதில் வந்தது.

அலுவலகச் செலவில் பழுப்புத் தாளும் வளையமும் வாங்கிக் கொடுத்தார்கள். அலுவலக உதவியாளர் ஏழுமலைக்கு விதிப்படி தேவையில்லை. ஆனாலும் அவர் தமக்கும் ஒன்று கேட்டு வாங்கினார். கடலோரக் குப்பத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருகிறவர், பணிமூப்பில் எனக்கு இரண்டு வருடம் பெரியவர். இலக்குகள் பக்கத்தைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

"இதுல இன்னா சார் எழுதறது?"

"வாழ்க்கைல என்ன சாதிக்கணும்னு இருக்கீங்களோ அது."

"நாலு மணிக்கு டீ. வேற இன்னா கீது நமக்கு?"

அப்படியே எழுதிக் கொடுத்தேன். சிஸ்டம் சார் பச்சை மையில் குறிப்பெழுதினார்: 'அளவிடக்கூடிய இலக்கு. நன்று.'

நானும் என் குறிப்பேட்டை வடிவமைத்தேன். 'இல்லம்' பிரிவில் 'துணைவியாரிடமிருந்து வரப்பெற்ற கோரிக்கைகள்' என்று தலைப்பிட்டு வரிசை எண், வரப்பெற்ற நாள், சுருக்கம், எடுத்த நடவடிக்கை, முடிவு என்று கட்டம் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை என் மனைவி பார்த்துவிட்டாள்.

"நாப்பத்து மூணாம் நம்பர்… மிக்ஸி பழுது… நிலுவை. என்னை நிலுவைல வெச்சிருக்கீங்களா?"

"உன்னை இல்ல. மிக்ஸியை."

"நான்தானே அம்மில அரைக்கறேன்!"

தாளுக்கு ஒன்றாகப் பக்கங்களுக்கெல்லாம் எண் போட்டேன். மொத்தம் நூற்றிருபது. முதல் பக்கத்தில் சான்று எழுதினேன். ஆனால் எவன் வேண்டுமானாலும் வளையத்தைத் திறந்து தாளை உருவலாம், செருகலாம் என்றால் சான்றுக்கு என்ன மதிப்பு? மூன்று வளையங்களையும் சணலால் சுற்றிக் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு உருக்கி ஊற்றி, அலுவலக முத்திரையை அழுத்தினேன். பாதி கடமை, பாதி குறும்பு என்று இப்போது சொல்லலாம். அப்போது கேட்டிருந்தால் முழுக்கக் கடமை என்றே சொல்லியிருப்பேன்.

ஏழுமலை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார் இது? நோட்டுக்குத் தாலி கட்டிக்கினு கீறீங்க!"

முதல் திங்களன்று சிஸ்டம் சார் என் பக்கச் சான்றின் கீழே படிக்காமலே பச்சை மையில் மேலொப்பம் இட்டார். அதன் பிறகுதான் வளையத்தைத் திறக்கப் போனார். விரல் அரக்கில் தட்டியது.

"இது என்ன நாகராஜன்?"

"அரக்கு சார்."

"அப்ப பேப்பரை எப்படி மாத்துவீங்க?"

"மாத்தறதில்ல சார்."

"பக்கத்தை மாத்த முடியலன்னா இது சிஸ்டமே இல்லையே."

ஆனால் மேலொப்பம் இட்டாகிவிட்டது. ஒப்பமிட்டதை அடிப்பதற்கு அவரிடம் சிஸ்டம் இருக்கவில்லை. விட்டுவிட்டார்.

இனி 'இதர' பிரிவு. ஆய்வில் அவர் பார்ப்பது முதல் பக்கத்தையும் இலக்குகளையும் மட்டுமே. 'இதர' என்று தலைப்பிட்ட எதையும் எந்த அதிகாரியும் திறந்து நான் பார்த்ததில்லை. ஓர் அலுவலகத்தில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. அங்கே நான் அவர் 'சிஸ்டம்' என்று சொன்ன ஒவ்வொரு தடவையையும் எழுதிவந்தேன். நேரம், சந்தர்ப்பம், சொன்ன வாக்கியம், அன்றைய எண்ணிக்கை. எந்தச் சம்பளமும் வாங்காமல் முப்பத்தாறு ஆண்டில் நான் செய்த ஒரே வேலை அதுதான். அதைப்போல் ஒழுங்காக வேறெதையும் செய்ததில்லை.

இரண்டாவது சுற்றறிக்கையில் இரண்டு மாற்றங்கள் வந்தன. எல்லோரிடமும் குறிப்பேடு இருப்பதால், கோப்பு கைமாறும்போது கையெழுத்து வாங்கும் பதிவேடு இரட்டை வேலை என்று நிறுத்தப்பட்டது. அடுத்து, அதிகாரியின் மேசையில் நான்கு தட்டுகள் முளைத்தன. அவசரமும் முக்கியமும் முதல் தட்டு, முக்கியம் மட்டும் இரண்டாவது, அவசரம் மட்டும் மூன்றாவது. அவசரமும் இல்லாத முக்கியமும் இல்லாதவை நான்காவது. வெள்ளிக்கிழமை மாலை நான்காம் தட்டில் உள்ளதை ஏழுமலை நாடாவால் கட்டி, அந்த அறையிலேயே இருந்த இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அதிகாரியிடம் கொடுத்துவிடுவார். கட்டுக்குள் என்னென்ன இருக்கிறது என்று எழுதிவைப்பதில்லை. முக்கியமில்லாததைப் பட்டியலிடுவது முக்கியமில்லாத வேலை அல்லவா?

ஜமீலா எங்கள் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். தேர்வாணையத் தேர்வெழுதி வந்தவர். அவருடைய அத்தா பல்லாவரத்தில் தோல் பை தைப்பவர். குடும்பத்தில் முதல் அரசு வேலை. தகுதிகாண் பருவம் முடிய ஐந்து வாரம் இருந்தது. அதற்குள் ஒரு கறை விழுந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம், பெரிய விசாரணைகூடத் தேவையில்லை.

அவர் கையிலிருந்த கோப்புகளில் ஒன்று ஏரிக்கரைச் சுவர் பற்றியது. ஒருவர் வீட்டு மதில் ஒவ்வொரு கோடையிலும் சில அடி ஏரிக்குள் நடந்துகொண்டிருந்தது. புகார், புகைப்படம், அளவை வரைபடம் எல்லாம் அதில் இருந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஜமீலா அதை எடுத்துக்கொண்டு அதிகாரி அறைக்குள் போனார். நான் பேனாவுடன் தயாராக இருந்தேன். உள்ளிருந்து குரல் வந்தது.

"நாலாவது தட்டுல வைம்மா. என் கையில எதுக்கு நீட்டற? சிஸ்டம்னு ஒண்ணு இருக்கில்ல?"

எண்பத்தேழாம் பக்கத்தில் எழுதினேன்: 'செவ்வாய், 3.10. ஜமீலா, ஏரிச் சுவர் கோப்புடன் உள்ளே. "நாலாவது தட்டுல வைம்மா… சிஸ்டம்னு ஒண்ணு இருக்கில்ல?" என்றார். இன்று ஏழாவது.'

மூன்று வாரம் கழித்து மேலிடத்திலிருந்து தொலைபேசியில் ஏரிச் சுவர் பற்றிக் கேட்டார்கள். அவசரமும் இல்லாத முக்கியமும் இல்லாத ஒன்று அரை நிமிடத்தில் இரண்டுமாகிவிட்டது. சிஸ்டம் சார் முதல் மூன்று தட்டுகளையும் புரட்டினார். ஜமீலாவைக் கூப்பிட்டார்.

"கோப்பு எங்கம்மா?"

"உங்ககிட்ட வெச்சுட்டேனே சார். நாலாவது தட்டுல."

"எப்ப?"

"மூணு வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை சார். என் நோட்டுல எழுதியிருக்கேன்."

அவர் ஜமீலாவின் குறிப்பேட்டை வாங்கி, வளையத்தைச் சட்டென்று திறந்து, அந்தத் தாளை உருவி, மறுபடி செருகிக் காட்டினார். "பாத்தியா? இதை நீ இன்னைக்குக் காலைலகூட எழுதிச் சேத்திருக்கலாம்."

பிறகு தம் இளநீலக் குறிப்பேட்டைத் திறந்தார். அந்த வாரத்தில் திங்கள் இருந்தது. அடுத்தது புதன்.

"செவ்வாய் எங்க சார்?" என்றேன்.

"குறிக்கற மாதிரி அன்னைக்கு எதுவும் நடக்கல, அதனால பக்கம் வெக்கல. அதுதான் நாகராஜன், கஸ்டமைஸ் பண்றதுன்னா."

பீரோவைத் திறந்து பார்த்துவிடலாமே என்று பணிவாகச் சொன்னேன். ஜமீலா கோப்போடு உள்ளே போனதை நானே பார்த்தேன் என்றும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் அவரிடம் பயம் தரும் விஷயம்.

"ஒருத்தர் வாய்ப்பேச்சுக்காக பீரோவைத் திறந்தா, நாளைக்கு எல்லாரும் திறக்கச் சொல்வாங்க. அன்னைக்கே எழுதினது, பக்கம் மாத்த முடியாதது, அப்படி ஒரு ஆதாரம் கொண்டாங்க. திறக்கறேன்."

மறுநாள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தட்டச்சாயிற்று. ஜமீலா அதைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசையருகே நின்றார்.

"அத்தாகிட்ட இன்னும் சொல்லல சார். போன வாரம்தான் கடைல எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்தாங்க, பொண்ணு பெர்மனென்ட் ஆகப் போறான்னு."

"பதில் எழுத பதினஞ்சு நாள் இருக்கும்மா."

"என்னன்னு சார் எழுதறது? கொடுத்தேன்னுதான் எழுதணும். அதைத்தான் நம்பலையே."

ஏழுமலையைக் கேட்டேன். "கட்றது என் வேல சார். படிக்கறது என் வேலயா? உள்ளாறதான் கீது, எனுக்குத் தெரியும். ஆனா சாவி அவராண்ட இல்ல கீது!"

அன்றே எழுதிய, பக்கம் மாற்ற முடியாத ஆதாரம் அந்தக் கட்டடத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அது என் இழுப்பறையில் இருந்தது. அதன் எண்பத்தேழாம் பக்கம் ஜமீலாவைக் காப்பாற்றும். எழுபதாம் பக்கத்திலிருந்து தொண்ணூற்றிரண்டாம் பக்கம் வரை என்னை மூழ்கடிக்கும். ஒரு தாளை மட்டும் உருவிக் கொடுக்கலாம் என்றால் அரக்கு. அதை உடைத்தால் ஆதாரம் ஆதாரமாக இராது. வளையத்தில் இருந்த எல்லா வசதியையும் நானே கட்டி முத்திரை வைத்திருந்தேன்.

மேலதிகாரியைக் கேலி செய்து, அதுவும் அலுவலக நேரத்தில், அலுவலகத் தாளில் எழுதியதற்கு என்ன விதியின் கீழ் என்ன தண்டனை என்பது எனக்கு மனப்பாடம். இருபது மாதத்தில் ஓய்வு பெற வேண்டியவன்மீது விசாரணை நிலுவையில் இருந்தால் ஓய்வு பெறவே விடமாட்டார்கள். மூன்று நாள் ஒன்றும் செய்யவில்லை. நான்காம் நாள் காலை, காபி கொண்டுவந்த மனைவியிடம் சொன்னேன்.

"நீங்க எழுதினது நெஜமா?"

"அத்தனையும் நெஜம்."

"அப்பறம் எதுக்கு அரக்கு வெச்சீங்க?"

அவ்வளவுதான் கேட்டாள். தம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

முறைப்படி குறிப்பு எழுதினேன். 'பொருள்: காணாமற்போன கோப்பு – அன்றே எழுதிய ஆதாரம் – சமர்ப்பித்தல் – தொடர்பாக. தங்கள் மேலொப்பம் பெற்ற, 120 பக்கங்கள் கொண்ட குறிப்பேடு முத்திரையுடன் இணைக்கப்பட்டுள்ளது. பக்கம் 87-ஐக் காண்க.'

அவர் எண்பத்தேழைக் கண்டார். பிறகு எண்பத்தாறை. பிறகு எழுபதுக்குப் போய் அங்கிருந்து ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். ஏழுமலை டீயுடன் வந்து, முகங்களைப் பார்த்து, டீயுடனே திரும்பிப் போனார்.

"இதெல்லாம் எதுக்கு நாகராஜன்?"

"பதிவுக்கு சார்."

"மொத்தம் எவ்வளவு?"

"இருநூத்திப் பன்னெண்டு சார்."

"அவ்வளவா சொல்லியிருக்கேன்?"

"ஞாயிறும் விடுமுறையும் நீங்கலா சார்."

அவர் குறிப்பேட்டை மூடினார். சட்டை மடிப்பு அப்போதும் கலையவில்லை. இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்து ஏழுமலையைக் கூப்பிட்டார். பீரோவிலிருந்த மூன்றாவது கட்டுக்குள் கோப்பு இருந்தது. மேலட்டையில் ஜமீலாவின் கையெழுத்து.

ஜமீலாவை வரவழைத்தார். "இனிமே கோப்பு கொடுக்கும்போது கையெழுத்து வாங்கிக்கம்மா" என்றார். கையெழுத்து வாங்கும் பதிவேட்டை ஒழித்தவர்! ஜமீலா "சரி சார்" என்றார். அரசுப் பணிக்கு அவர் தகுதியானவர் என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

குறிப்பாணை கைவிடப்பட்டது. உரிய நாளில் தகுதிகாண் பருவம் முடிந்தது. பல்லாவரத்தில் மறுபடி ஸ்வீட் கொடுத்திருக்கிறார்கள். எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது. பின்னாலேயே ஓர் ஆணையும் வந்தது. நிர்வாக நலன் கருதி என்னைப் படப்பைப் பக்கம் மாற்றியிருந்தார்கள். தினம் இரண்டு பஸ். விசாரணை எதுவும் இல்லை. குறிப்பேடு கோப்போடு இணைந்துவிட்டதால் திருப்பித் தரவில்லை. நாற்பத்து மூன்று வரையிலான கோரிக்கைகள் என் பொறுப்பிலிருந்து நீங்கின என்று நினைத்தேன். மனைவி எல்லாவற்றையும் எண்ணோடு நினைவில் வைத்திருந்தாள். சிஸ்டம் சார் மறு வருடமே வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். சுவரை இடிக்க ஆணை போட்டார்கள். இன்றும் காலையில் நான் அதைச் சுற்றிக்கொண்டுதான் ஏரிக்கரையில் நடக்கிறேன்.

சென்ற மாதம் ஜமீலா வீட்டுக்கு வந்தார். இப்போது அவர் உதவியாளர், பதிவறை அவர் பொறுப்பு. காலம் முடிந்த கோப்புகளை அழிக்கப் பிரித்தபோது என் குறிப்பேடு கிடைத்திருக்கிறது. உறையை நீட்டினார்.

"உங்க சொந்தப் பொருள்னு குறிப்பு எழுதி, அனுமதி வாங்கித்தான் எடுத்துட்டு வந்தேன் சார். 'இதர'வையும் படிச்சேன். மன்னிச்சுக்கோங்க."

"பரவால்ல."

"ஆனா ஒரு விஷயம். சான்றுல நூத்திருபதுன்னு இருக்கு. ரெண்டு தடவ எண்ணினேன் சார். நூத்தி இருபத்தொண்ணு வருது."

கையில் வாங்கிப் பார்த்தேன். முடிச்சின் மேல் அரக்கு இருந்தது. ஆனால் அது என் அரக்கு இல்லை. நான் வைத்தது கருஞ்சிவப்பு, இது இளஞ்சிவப்பு. யாரோ உடைத்து, அதே சணலால் கட்டி, என்னைவிடச் சுத்தமாக மறுபடி முத்திரை வைத்திருந்தார்கள்.

எண்பத்தேழாம் பக்கத்தைத் திருப்பினேன். அடுத்து ஓர் இளநீலத் தாள். பச்சை மை. 'செவ்வாய். 3.10. ஏரிச் சுவர் – ஜமீலா – நான்காம் தட்டு.' கீழே அவருடைய சுருக்கொப்பம். வேறு ஒரு சொல் இல்லை.

"அப்போ அவருக்குத் தெரிஞ்சேதான் இருந்துச்சா சார்?"

தெரிந்தே உருவினாரா, உருவியதை மறந்துபோய்ப் பிறகு எங்கோ கண்டெடுத்தாரா, எந்த நாளில் கதவைச் சாத்திக்கொண்டு அரக்கு உருக்கினார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. இணைத்த தேதியை அவர் போடவில்லை. அந்தத் தாளை அவர் கிழித்துப் போட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"எத்தன நாள் தூங்கல தெரியுமா சார்" என்றார் ஜமீலா. அந்தத் தாளின் மேல் விரலை வைத்தார். "இதை இப்ப என்ன சார் பண்றது?"

"பக்கச் சான்றைத் திருத்தணும்."

முதல் பக்கத்தைத் திறந்து 120 என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்தேன். மேலே 121 என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டேன். திருத்தத்துக்கு இன்னொருவரின் ஒப்பமும் வேண்டும். அது விதி.

பேனாவை ஜமீலாவிடம் நீட்டினேன்.